குட்டை புரளும் நாள்

பிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற தட்டின் ஓரக் குழியில், ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. சாலா அதை எடுத்து, ஈரத்தை முந்தானையில் துடைத்து, பூசைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பது வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாள், அது ஒன்பதாவது. வைகாசி வெயிலில் பழத்துக்குப் பஞ்சம். சந்தையில் கிடைத்ததெல்லாம் சுருங்கிப் போன காய்கள். நல்ல பழமாக வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வேண்டுதல் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் புருஷன் பெரியகருப்பனைக் கழிவுநீர்க் குட்டை வேலையிலிருந்து மாற்றி, அதே ஒப்பந்தக்காரரின் குடிதண்ணீர் பம்பு ரூமில் போட வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஏழரை மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தார்.

"சாலா, பழம் எங்க?"

"தீந்துபோச்சுங்க."

"நேத்து ஒண்ணு கெடந்துச்சே?"

"ரசத்துல புழிஞ்சுட்டேன்."

"அது எலுமிச்சை ரசமா?" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூக்குதான் என்னைக்காவது போகும்னு நெனச்சேன். எனக்கு நாக்கு முந்திக்கிருச்சு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து தைல பாட்டிலை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். "இதைக் கொண்டு போங்க. இதைவிடவா அந்தப் பழம் மணக்கப் போகுது?"

அவர் மூடியைத் திறந்து மோந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஆத்தாடி! செத்தவன் எந்திரிச்சிருவான்டி இதுக்கு."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுறீக? கெளம்புங்க."

டி.வி.எஸ். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. அவள் வெற்றிலையை விலக்கிப் பழத்தைப் பார்த்தாள். மஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

பழம் அவருடைய தொழில் பழக்கம். காரைக்குடிக்கு வெளியே, செம்மண் பொட்டலில் நான்கு குட்டைகள். ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், புதிதாக முளைத்த நகர்கள் எல்லாவற்றின் சாக்கடையும் முதல் குட்டையில் விழுந்து, ஒவ்வொன்றாகத் தெளிந்து, நாலாம் குட்டையில் பாசிப் பச்சையாக வந்து நிற்கும். மார்கழி, தையில் நாற்றம் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் சுடும். அடித்தண்ணீர் காற்றுப் படாமல் கறுத்துக் கிடக்கும். முதல் கோடை மழை குளிர்ந்து விழுந்ததும் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, அடியில் கிடந்தது மேலே வரும். 'குட்டை புரளுது' என்பார்கள் அங்கே வேலை பார்ப்பவர்கள், தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதைச் சொல்வது போல. அன்றைக்கு அழுகின முட்டை நாற்றம் மூன்று மைல் போகும்.

அதற்கு வைத்தியம் உண்டு. நாலாம் குட்டையின் பச்சைத் தண்ணீரைத் திருப்பி விட்டு, கறுப்புத் தண்ணீரின் மேல் போர்வை மாதிரி மூடிவிட வேண்டும். அதற்கான வால்வு பத்தடி ஆழக் குழிக்குள் இருந்தது. பதினோரு சுற்றுத் திருப்ப வேண்டும். குழியில் விஷவாயு தேங்கும். அந்த வாயுவின் சூது என்னவென்றால், கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமானால் மூக்கைக் கொன்றுவிடும். பிறகு நாற்றமே தெரியாது.

"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லை சாலா. நாத்தம் நின்னுச்சுன்னா ஓடணும்" என்பார் பெரியகருப்பன். நின்றது நாற்றமா மூக்கா என்று தெரியத்தான் பழம். முப்பது எண்ணுவார். நகத்தால் பழத்தோலைக் கீறி மோந்து பார்ப்பார். மணம் வந்தால் மறுபடி முப்பது. வரவில்லையென்றால் போட்டதைப் போட்டபடி மேலே ஏறிவிடுவார். பதினெட்டு வருஷம் அந்தப் பழம்தான் அவரைக் கரையேற்றியது.

முந்தின நாள் சாயந்திரம்தான் முதல் கோடை மழை பெய்திருந்தது.

பதினொன்றேகாலுக்குக் கோயிலில் அவள் பழத்தை இரண்டாக அறுத்து, சாற்றைப் பிழிந்து, தோலைத் திருப்பி, நெய் விட்டுத் திரி போட்டாள். இரண்டு விளக்கும் ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டன. நல்ல சகுனம் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்.

அந்த நேரத்தில் அவர் குழியில் கிடந்தார்.

ஐயனார் என்று ஒருவர் அவரோடு குட்டையில் வேலை பார்த்தார். சாலாவுக்கு அண்ணன் முறை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, அவர் சுவரோரம் உட்கார்ந்து சொன்னார்.

"கடைசி வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் தங்கச்சி இருந்தாரு. முப்பது எண்ணுவாரு, தைலத்தை மோந்து பாப்பாரு. 'எரியுதுடா ஐயனாரு, மூக்கு நல்லா இருக்கு'ம்பாரு. அஞ்சு சுத்து முடிச்சுட்டாரு. ஆறாவதுல சத்தம் இல்லை. மூக்கு நல்லா இருக்கும்போது எப்படித்தா இது நடக்கும்?"

சாலாவுக்கும் அது விளங்கவில்லை. விளங்கியது இரண்டு மாதம் கழித்து. புருஷன் போனதற்காகக் குட்டையிலேயே அவளுக்கு ஒரு வேலை போட்டுக்கொடுத்திருந்தார்கள். மகளைக் கல்லல் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, தனிக்கட்டை, ஒத்துக்கொண்டாள். வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா ஒருத்தி சொன்னாள்: "தைலம், கற்பூரம் இதெல்லாம் வச்சு மூக்கைச் சோதிக்காதீங்க. அது எரிச்சல். வாசனை வேற, எரிச்சல் வேற. மூக்கு செத்த பிறகும் எரியும்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாலா, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

பழம் இருந்தது, வெற்றிலைக்கு அடியில் இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

அவளுக்குக் கொடுத்தது நாற்றம் பார்க்கிற வேலை. குட்டைகளைச் சுற்றிக் கரைமேல் எட்டு வெள்ளைக் கற்கள். காலை, உச்சி, சாயந்திரம் மூன்று வேளையும் ஒவ்வொரு கல்லிலும் கண்ணை மூடி நின்று, மூச்சை இழுத்து, நாற்றம் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நோட்டில் எழுத வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் அவளுக்குக் குட்டைகளின் குணம் பிடிபட்டுவிட்டது. எந்த மூலையில் சகதி மிதக்கிறது, எந்தக் காற்றடி மெஷின் நின்றுவிட்டது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவாள்.

ஆறாம் கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குழி. இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருந்தது. 'உள்ளே இறங்கக் கூடாது' என்று புதுப் பலகை. வாயு பார்க்கிற மீட்டர்கூட ஒன்று வாங்கியிருந்தார்கள்.

"மீட்டர் எங்கண்ணே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஆபீசுல. தேனப்பன் சார் பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார் ஐயனார். "அதுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுல்ல."

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களிலிருந்து புகார் வந்தது. மேற்பார்வை பார்க்கும் தேனப்பன், பெரிய பெரிய விசிறிகளைக் கரையில் நிறுத்தி, மல்லிகை செண்டு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி அடிக்கச் சொன்னார்.

"இது எப்படி இருக்கு தெரியுமா?" ஐயனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொணத்துக்கு மாலை போட்டு வாசல்ல வச்ச மாதிரி இருக்கு."

அந்த மாதத்தில்தான் அது ஆரம்பித்தது.

உச்சி வேளை. ஆறாம் கல். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். சாக்கடை, அதற்கு மேல் மல்லிகை செண்டு. அதற்கும் மேல், மெலிசாக, பச்சையாக, இன்னொன்று.

எலுமிச்சை.

பழத்தின் சாறு அல்ல. இப்போதுதான் நகம் பட்ட தோல்.

கண்ணைத் திறந்தாள். பொட்டல். ஒரு மைலுக்கு எலுமிச்சை மரம் கிடையாது. "அண்ணே, எலுமிச்சம்பழ வாசம் அடிக்குதா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். ஐயனார் வந்து நின்று மோந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில்ல நிக்காத தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஆறாம் கல்லில் மட்டும்.

முதலில் அவளுக்குப் பயம் இல்லை. சொல்லப்போனால், முதல் ஐந்து கற்களையும் வேகவேகமாக முடித்துவிட்டு அங்கே போய் நின்றாள். வீட்டில் அவருடைய சட்டைகளில்கூட அவர் வாசம் போய்விட்டது. இங்கே மட்டும் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பாள். என்னங்க, அன்னைக்கு வந்து... என்பது வரைக்கும் வரும். அதற்குமேல் வராது.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் சத்தம் கேட்டது.

கிறீச்.

துருப்பிடித்த வால்வுச் சக்கரம் திரும்புகிற சத்தம். குழிக்குள்ளிருந்து. மூடி பூட்டியபடி இருந்தது. பூட்டின் மேல் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது.

சத்தம் நின்றது. அவள் அசையாமல் நின்றாள். எதற்கென்று தெரியாமலே எண்ணத் தொடங்கினாள்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

எலுமிச்சை வாசம் குப்பென்று வந்தது.

கிறீச்.

அன்று அவள் நோட்டில் ஆறாம் கல்லுக்கு எதுவும் எழுதாமல் வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அவர் இருக்கிறார் என்பது அல்ல அவளைப் படுத்தியது. அவர் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். முடியாத ஆறாவது சுற்றில் நிற்கிறார். பழத்தை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பழம் இல்லை என்றுதானே அனுப்பினாள்? அவருக்குப் பழத்தை யார் கொடுத்தது?

அன்று முதல் தன் பையில் தினமும் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டு போகத் தொடங்கினாள்.

வைகாசி பதினேழு. மூன்று மணிக்கு வானம் இருண்டு, நாலு மணிக்குள் மழை கொட்டி ஓய்ந்தது. ஐந்து மணிக்குக் குட்டை புரண்டது.

மூன்றாம் குட்டையின் நடுவில் தண்ணீர் கொப்புளித்தது. கறுப்பாக ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. கொக்குகள் ஒன்றுவிடாமல் பறந்து போயின. நாற்றம் ஒரு சுவர் மாதிரி வந்து மோதியது. விசிறிகள் அடித்த மல்லிகை அதற்குள் எங்கே போனதென்றே தெரியவில்லை. சாலா நோட்டில் எட்டுக் கல்லுக்கும் ஐந்து, ஐந்து என்று எழுதினாள்.

போன் வந்தது. ஐயனார் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயனாரு, ஆறரைக்கு மண்டபத்துல ரிசப்ஷன்யா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. அந்த வால்வைத் தெறந்து விட்டுரு" என்றது தேனப்பன் குரல்.

"பலகை போட்டிருக்கீகளே சார், எறங்கக் கூடாதுன்னு."

"அது ஆபீசருங்க பாக்குறதுக்கு. ரெண்டு நிமிஷ வேலை. கயிறு கட்டிக்க."

"மீட்டரு?"

"பேட்டரி இல்லையேப்பா அதுல."

ஐயனார் போனை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். வேண்டாம் என்று சாலா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வருஷமாக அவள் மனதுக்குள் ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: பழம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அதனால் பையைத் திறந்து பழத்தை எடுத்து நீட்டினாள்.

"இது போதும் தங்கச்சி" என்றார் ஐயனார். "மச்சான் பழம் இல்லாமப் போனாரு. நான் பழத்தோட போறேன்."

அது அவள் நெஞ்சில் எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

குழியின் மேல் பம்பு தூக்குகிற இரும்பு முக்காலியை நிறுத்தி, சங்கிலிக் கப்பியை மாட்டினார்கள். கயிற்றை இடுப்பிலும் தோளிலும் சுற்றிக் கட்டி, நுனியைக் கப்பியின் கொக்கியில் போட்டார்கள். பூட்டைத் திறந்தபோது சிலந்தி வலை அறுந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்தது. ஐயனார் பழத்தை ஒரு கீறு கீறி மோந்தார். தலையை ஆட்டினார். படியில் கால் வைத்து இறங்கினார்.

"ஒவ்வொரு தடவையும் குரல் குடுங்கண்ணே. மணம் வந்தா வருதுன்னு சொல்லுங்க."

"சரித்தா."

கிறீச். ஒரு சுற்று.

"வருது!"

அவள் முப்பது எண்ணினாள்.

கிறீச்.

"வருது!"

மேலே நின்ற அவளுக்கும் வந்தது. எலுமிச்சை. குளிர்ச்சியாக, சுத்தமாக, தலை கிறுகிறுக்கிற மாதிரி. நல்லது, மூக்கு இருக்கிறது என்று நினைத்தாள்.

மூன்றாவது சுற்று.

"வருது. நல்லா வருது தங்கச்சி."

குரல் கொஞ்சம் குழைந்திருந்தது. தூக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி. அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். மங்கலான வெளிச்சத்தில் ஐயனாரின் முதுகு தெரிந்தது. இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தார்.

இரண்டு கைகளாலும்.

பழம் மேலிருந்து மூன்றாவது படியில் இருந்தது. கைக்கு இடைஞ்சல் என்று அங்கேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். மேலே கீறின ஒரே ஒரு நகக்குறியோடு அது அங்கே இருந்தது.

"அண்ணே, எதை மோந்து பாக்குறீக?"

"வருதுத்தா. மூக்குக்கிட்டயே இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். குட்டை கறுப்பாகக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. விசிறிகள் மல்லிகையை அடித்துக்கொண்டிருந்தன. அவள் மூச்சை இழுத்தாள்.

சாக்கடை இல்லை. மல்லிகை இல்லை.

எலுமிச்சை மட்டும் இருந்தது.

அவளுடைய மூக்கு செத்துப்போயிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. செத்த மூக்குக்குள் அந்த ஒரு வாசனை மட்டும் நின்றது. கீழே யாரோ, ஐயனாரின் முகத்தருகே, பொறுமையாக, அன்பாக, ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏறுங்கண்ணே! மேல ஏறுங்க!"

"இரு தங்கச்சி. இன்னும் கொஞ்சம்தான்."

"அது பழமில்லண்ணே! ஏறுங்க!"

"வருது" என்றார் ஐயனார்.

"வருது" என்றது, அவருக்குப் பின்னாலிருந்து, இன்னொரு குரல்.

ஒரு வருஷமாக அவள் கேட்காத குரல். தெருமுனை திரும்பும் வண்டியோடு போன குரல்.

ஐயனாரின் தலை சக்கரத்தின் மேல் சாய்ந்தது.

சாலா ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். கப்பி கடகடவென்று சுழன்றது, கயிறு விறைத்தது, நின்றது. நான்கு ஆள் கனமுள்ள பம்பை ஒற்றை ஆளாகத் தூக்குகிற கப்பி அது. அசையவில்லை. காலைக் கரையில் ஊன்றி, உடம்பையே சங்கிலியில் தொங்கவிட்டாள். முக்காலி முனகியது.

கீழே இருந்தது ஒரே ஒரு ஆளின் கனம் இல்லை.

அவளுக்கு அப்போது விளங்கியது. அவர் யாரையும் பழிவாங்க நிற்கவில்லை. பழம் இருந்தால் ஆபத்தில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இறங்கி வருகிறவனுக்குத் தனக்குக் கிடைக்காததைக் கொடுக்கிறார். கொடுத்துக்கொண்டே பிடித்து வைத்திருக்கிறார்.

அவள் குழியின் விளிம்பில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

"என்னங்க! பழம் இருந்துச்சுங்க! அன்னைக்கு வீட்டுல பழம் இருந்துச்சு. வெத்தலைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். வெளக்குப் போட எடுத்துக்கிட்டு இல்லன்னு பொய் சொன்னேன். ரசத்துல புழியலங்க. உங்களுக்கு நாக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான்... அண்ணனை விட்டுருங்க. அவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

எலுமிச்சை வாசம் நின்றது.

அணைத்த விளக்கு மாதிரி. உலகத்தில் எந்த வாசனையும் இல்லாமல் போயிற்று.

கயிறு லேசானது. சங்கிலி கையில் ஓடியது. ஐயனாரின் தலை, தோள், ஈரமான முதுகு குழிக்கு மேலே வந்தன. அவள் அவரை இழுத்துக் காற்று வரும் பக்கமாகக் கரைமேல் புரட்டிப் போட்டாள். அவர் ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டார். பிறகு வாந்தி எடுத்தார்.

பின்னால், ஆளில்லாத குழிக்குள், சக்கரம் திரும்பியது.

கிறீச். கிறீச். கிறீச்.

இந்தத் தடவை நடுவில் முப்பது எண்ணவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஐயனார் கண்ணைத் திறந்து பேசினார். அவர் மனைவி காப்பி வாங்கப் போயிருந்தாள்.

"நான் எத்தனை சுத்துத் தங்கச்சி முடிச்சேன்?"

"மூணு."

"தேனப்பன் சாரு வந்தாரு. பதினொண்ணும் முழுசாத் தெறந்திருக்காம். அன்னைக்கு ராத்திரியே நாத்தம் அடங்கிருச்சாம். 'கெட்டிக்காரன்யா நீ'ன்னு ஆப்பிள் குடுத்துட்டுப் போறாரு." மேசைமேல் இருந்த பையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏத்தா, மச்சான் என்னையப் புடிச்சு நிறுத்துனாரா, தூக்கி விட்டாரா? எனக்குத் தெரியல. தோள்ல கை இருந்துச்சு. அது மட்டும் நெசம்."

சாலா கட்டில் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பதாவது வெள்ளி, வெற்றிலை, ரசம். ஐயனார் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ தெரிஞ்சா செஞ்ச?" என்றார் கடைசியில். "அழுவாத. அந்த ஆப்பிளைத் தின்னு. எனக்குப் புடிக்காது."

குழியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். சக்கரத்துக்கு நீளமான தண்டு வைத்து, இப்போது கரைமேல் நின்றபடியே திருப்பலாம். அரை நாள் வேலை அது. முன்னாடியே செய்திருக்கலாம்.

சாலாவுக்கு மூக்கு திரும்பவில்லை. மதுரை வரைக்கும் போய்க் காட்டினாள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார்கள். நாற்றம் பார்க்கிற வேலைக்கு அவள் இனி ஆகமாட்டாள் என்று தேனப்பன் அவளை மாற்றிப் போட்டார். குடிதண்ணீர் பம்பு ரூமில். சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான் வேலை. வேப்பமரத்து நிழல். மின்விசிறி. வேண்டிக்கொண்டது அப்படியே நடந்திருக்கிறது என்று முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நினைத்தாள். உட்கார முடியாமல் எழுந்து நின்றாள்.

அவள் விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை. யாராவது கல்யாண வீட்டில் கையில் கொடுத்தால் வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவாள். பால் பொங்கிக் கருகினாலும் தெரியாது, மல்லிகைப்பூவை முகத்தில் வைத்து அழுத்தினாலும் தெரியாது. மழைக்கு முந்தின மண் வாசம் எப்படி இருக்கும் என்பது மறந்துகொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும், ஏழரை மணி சுமாருக்கு, சமையல்கட்டில் நிற்கும்போது, அவள் முதுகுக்குப் பின்னால் அந்த ஒரு வாசனை வருகிறது. நகம் பட்ட தோல். அவள் திரும்புவதில்லை. மனதுக்குள் முப்பது எண்ணுகிறாள். பிறகு போய்ப் பிரிட்ஜைத் திறக்கிறாள்.

கதவில், முட்டை வைக்கிற தட்டின் ஓரக் குழியில், ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது.